காவலும் பேணலும்

நுழையும்முன்

நோய்க்கிருமிகளோடு போரிடுவனவாகவே நோய் எதிர்ப்புச் செல்களை நாம் அறிந்திருக்கிறோம். கிருமி ஏதும் நுழையாத நாள்களிலும் அவை ஓய்ந்திருப்பதில்லை. இரத்தத்தைப் புதுப்பிப்பதிலும் உறுப்புகளைத் தூய்மை செய்வதிலும் வளர்சிதை மாற்றத்தைச் சமநிலையில் வைப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அப்பணிகளை விளக்குகிறது இப்பாடம்.

முள்ளில் தொடங்கிய ஆய்வு

1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில், இலியா மெச்னிகாஃப் என்னும் உருசிய விலங்கியல் அறிஞர், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரிக்குள் ரோசா முள்ளைச் செலுத்தினார். மறுநாள் நுண்ணோக்கியில் நோக்கியபோது, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. அயற்பொருளை விழுங்கும் இத்தகைய செல்களுள் பெரியவை பெருவிழுங்கு செல்கள் எனப்படுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக 1908இல் மெச்னிகாஃபும் பால் எர்லிக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரும்பை மீட்கும் செல்கள்

இரத்தச் சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். முதுமையுற்ற சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கு செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. ஹீமோகுளோபினிலுள்ள இரும்பைப் பிரித்து மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. எலும்பு மஜ்ஜை அவ்விரும்பைக் கொண்டு புதிய சிவப்பணுக்களை ஆக்குகிறது. இதற்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து உடல் ஈர்ப்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமே. எஞ்சியதில் பெரும்பகுதியை அளிப்பவை இச்செல்களே.

உறுப்புதோறும் பணி

நுரையீரலின் காற்றறைகளில் புகும் தூசியைப் பெருவிழுங்கு செல்கள் அகற்றுகின்றன. மூளையில் அவற்றை ஒத்த செல்கள் வளரும் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் களைகின்றன.

காவல் பகையாகும்போது

கொழுப்புத் திசுவில் இறந்த செல்களை நீக்குவதும் இவற்றின் பணியே. உடற்பருமன் மிகும்போது கொழுப்புச் செல்கள் அளவுமீறி விரிந்து நலிகின்றன. பெருவிழுங்கு செல்கள் அங்குத் திரண்டு, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அப்புரதங்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு வழி பிறக்கிறது. கிருமியை ஒழிக்க எழும் அழற்சி, கிருமியில்லா இடத்தில் ஓயாது நீடித்தால் உடலையே வருத்தும். அளவான உணவும் நாள்தோறும் செய்யும் உடற்பயிற்சியும் அதனைத் தணிக்கத் துணைபுரிகின்றன. காவலரை நண்பராகவே வைத்திருப்பது பெரிதும் நம் பழக்கங்களைப் பொறுத்தது.

தெரியுமா?

அடிபட்ட இடம் கன்றி, பின் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுவதைக் கண்டிருப்பீர்கள். கசிந்த சிவப்பணுக்களைப் பெருவிழுங்கு செல்கள் சிதைக்கும்போது, ஹீமோகுளோபின் முதலில் பச்சை நிறமியாகவும் பின்னர் மஞ்சள் நிறமியாகவும் மாறுவதே அதற்குக் காரணம்.

கற்பவை கற்றபின்...

1. முதுமையுற்ற சிவப்பணுவிலுள்ள இரும்பு புதிய சிவப்பணுவை அடையும் வழியைப் படமாக வரைந்து வகுப்பில் விளக்குக.
2. ‘காவலும் அளவு மீறினால் கேடே’ என்னும் தலைப்பில், பாடக்கருத்தைக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.