சனிக்கிழமைக் கூலி

கேள்வி: என் கணவர் கொத்தனார். குடியை விட்டு நாலு மாதம் ஆகிறது. இப்போதுதான் கடன் முழுசாக வெளியே வருகிறது. வங்கியில் நகை அடகு, குழுக் கடன், பத்து வட்டிக்கு 50,000. போக பெட்டிக்கடை, கூட்டாளிகள் என்று சில்லறைப் பாக்கி. ராத்திரி தூக்கமில்லை, எரிந்து விழுகிறார். இன்னும் கடன் வாங்கித் தனியாக கான்ட்ராக்ட் எடுத்தால் ஒரே வருஷத்தில் அடைத்துவிடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

– வாசகி, விருதுநகர்

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. குடியை விட்ட புதிதில், விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிடும் வேகம் பலருக்கு வரும். ஒரு பில் தாமதமானால் போதும், கால் பழைய கடைக்கே போகும். ஒரு வருடம் போகட்டும், பிறகு யோசிக்கலாம். தூக்கமின்மையும் எரிச்சலும் சில மாதம் நீடிப்பது உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

பத்து வட்டி என்றால் மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. அசலே 50,000தான்! முதலில் வெட்ட வேண்டியது இதை. நகை வைத்து ஓரிரு வருடம் ஆகியிருந்தால், தங்கம் ஏறியிருக்கும் விலைக்கு அதே நகைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வங்கியில் மாற்றி வைத்து அசலைக் கட்டுங்கள். கட்டும்போதே புரோநோட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். 'அப்புறம் தர்றேன்' என்றால் பணமும் அப்புறம்தான். மிரட்டினால் போலீஸில் எழுதிக் கொடுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது; 3 ஆண்டு வரை சிறை.

குழுத் தவணை அது பாட்டுக்குப் போகட்டும். அடுத்து நான் சொல்வது சில்லறைப் பாக்கியை. கணக்குத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் 300 ரூபாய்க்காகத் தெரு மாறி நடப்பவர் என்றைக்காவது அந்தக் கூட்டாளியிடமே மாட்டுவார். 'காசு கெடக்கட்டும், வா ஒரு கட்டிங் போடுவோம்' என்பார் அவர். அந்தப் பாக்கியை வீட்டில் வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

பெரிய ஆபத்து சனிக்கிழமைக் கூலி. மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் அது கரையும். உங்கள் கணக்கில் போடச் சொல்லலாம்; ஆனால் அதை அவரே போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் சைட்டில் எல்லோர் முன்னாலும் கூனிப்போவார். கைச்செலவுக்கு இவ்வளவு என்று இருவரும் பேசி, திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிடுங்கள். டீக்கும் பஸ்ஸுக்கும் கணக்குக் கேட்காதீர்கள்.