உடலைக் கரைத்துவிடாதே

அன்புள்ள தம்பி,

பைக்கால் ஏரியின் ஆம்ஃபிபாட்களில் டி.என்.ஏ. பார்கோடு வேலையைத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். கேள்விகள் எல்லாம் பிரைமர், பி.சி.ஆர்., மென்பொருள் பற்றியே. அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். நீ கேட்காமல் விட்டது, சோதனைக் குழாயில் கரைக்கப்போகும் அந்தச் சின்ன உயிரின் உடலைப் பற்றி.

இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான இந்த ஓட்டுடலிகள், துணையினங்களையும் சேர்த்தால், அந்த ஓர் ஏரியில் மட்டும் 340-க்கு மேல். ஏரியின் வயது ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள். ஆழம் 1,642 மீட்டர். அடிமட்டம் வரைக்கும் ஆக்சிஜன் உண்டு. பிரிந்து பெருகக் காலமும் இடமும் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1863-ல் வெடித்த போலந்துக் கிளர்ச்சிக்காக சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெனடிக்ட் டிபோவ்ஸ்கி, குல்துக் கிராமத்தில் தங்கி, உறைந்த ஏரியில் பனியைத் துளைத்து இவற்றைச் சேகரித்தார். 1874-ல் வந்த அவருடைய நூலில் உள்ள பெயர்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன. கைதியாய்ப் போன மனிதர் செய்த வேலை அது!

மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகளைப் படித்தால் விலங்கினத்தை அடையாளம் காணலாம் என்று 2003-ல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்தது. பெரும்பாலும் பலிக்கும். ஆனால் பழைய ஏரிகளில் அந்த 650 எழுத்து சில சமயம் அதிகம் சொல்லும், சில சமயம் வாயே திறக்காது.

யூலிம்னோகமாரஸ் வெருக்கோசஸை எடுத்துக்கொள். கரையோரக் கற்களுக்கடியில் கிடைக்கும், பைக்காலில் யாரும் எளிதில் பிடிக்கக்கூடிய உயிர். உருவத்தில் ஒன்று, பார்கோடில் மேற்கு, தெற்கு, கிழக்கு என மூன்று. ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறான அங்காரா, மேற்குக் குழுவையும் தெற்குக் குழுவையும் பிரிக்கிறது. இரண்டையும் ஆய்வகத்தில் இணைத்துப் பார்த்தார்கள். ஜோடி சேர்ந்தன, கரு முழுமையாக வளரவில்லை. வரிசையில் கண்ட பிளவுக்கு உயிருள்ள விலங்கே சாட்சி சொன்ன பிறகுதான் அவற்றைத் தனித்தனி இனங்கள் என்று நம்ப முடிந்தது. சிக்கல் இதோடு தீரவில்லை. இந்த உயிருக்கு கெர்ஸ்ட்ஃபெல்ட் என்பவர் 1858-ல் வைத்த பெயர் மூன்றில் எதற்கு உரியது? அவர் பார்த்த மாதிரி எந்தக் கரையில் பிடிபட்டது என்பதைப் பொறுத்தது அது. மாதிரியின் சீட்டில் பிடித்த இடத்தைத் துல்லியமாக எழுது என்று நான் நச்சரிப்பதன் காரணம் புரிகிறதா?

எதிர்ப்பக்கம், அதே ஏரியின் லுபோமிர்ஸ்கிடே கடற்பஞ்சுகள். நன்னீரில் வாழ்பவற்றைக் கடற்பஞ்சு என்பது எனக்கே உறுத்துகிறது, போகட்டும். கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் வெவ்வேறாகத் தெரிகிற இனங்கள் சி.ஓ.1-ல் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. அங்கே பார்கோடை மட்டும் நம்பினால் பல இனங்கள் காணாமற்போய்விடும். ‘இத்தனை விழுக்காடு வேறுபட்டால் தனி இனம்’ என்று ஒரே எல்லைக்கோட்டை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

ஆகவே முழு உடலையும் அரைக்காதே. ஆம்ஃபிபாடில் ஒரு கால் போதும். அதையும் ஒரே பக்கத்திலிருந்து எடு. மறுபக்கத்துக் கால் முழுதாக இருக்கட்டும், நாளை யாராவது மயிர்களை எண்ண வேண்டியிருக்கும். இரட்டை ஓட்டுக்குள் வாழும் ஆஸ்ட்ரகாட் என்றால் சதையை எடுத்துக்கொண்டு ஓடுகளைத் தனியே பத்திரப்படுத்து. வெட்டுமுன் படம் எடுத்துவிடு. 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு, மறுநாள் அதை மாற்று. உடலின் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் பக்கம் போகாதே.

டி.என்.ஏ. வரிசை வந்ததும் புரதமாக மொழிபெயர்த்துப் பார். நடுவில் நிறுத்தக் குறி வந்தால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குத் தாவிச் செயலிழந்த போலிப் பிரதியைப் படித்திருக்கலாம். குறி இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடையாதே. அண்மையில் தாவிய பிரதியில் அது இருக்காது.

தரவுத்தளம் 99 விழுக்காடு பொருத்தம் என்று ஒரு பெயரை நீட்டும். அந்தப் பெயரை வைத்தவர் உடலை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடு. அருங்காட்சியக எண் இல்லையென்றால், பேரினத்தோடு நிறுத்திக்கொள். உன் வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது மாதிரியின் எண்ணையும் படத்தையும் ஆழத்தையும் சேர்த்தே ஏற்று.

அன்புடன்,
உன் அண்ணன்