மலை வழிகாட்டியுடன் ஒரு நாள்

உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மலை தெரிகிறதா? துபாயிலோ ஷார்ஜாவிலோ இருந்தால் பெரும்பாலும் கட்டடங்கள்தான் தெரியும். காரில் வடக்கே ராஸ் அல் கைமாவுக்குப் போங்கள். அங்கே ஹஜர் மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஒரு மலைதான் ஜெபல் ஜைஸ். 'ஜெபல்' என்றால் அரபு மொழியில் மலை. அதன் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். இரண்டு புர்ஜ் கலீஃபாவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் இந்த மலைதான் உயரம்!

மேலே போகக் கார் சாலை உண்டு. ஆனால் நாம் நடந்து ஏறப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பாதை தெரியாது. அதனால் ஒரு மலை வழிகாட்டி நம்மோடு வருகிறார். ஆட்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது அவருடைய தொழில்.

விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அவர் முதலில் உங்கள் பையைத் திறந்து பார்ப்பார்.

"தண்ணி எவ்வளவு வச்சிருக்கே?"

"ஒரு பாட்டில், அங்கிள்."

"பத்தாது. ஆளுக்கு மூணு லிட்டராவது வேணும். வெயில் ஏறதுக்குள்ள பாதி தூரம் போயிடணும், வா."

வளைகுடா நாடுகளில் கோடை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் குளிர்காலத்தில்தான் அவருக்கு வேலை அதிகம்.

நடக்கும்போது அவர் சும்மா வரமாட்டார். ஒரு கல்லைக் காட்டுவார். அதற்குள் சிப்பியின் வடிவம் இருக்கும். மலையில் சிப்பியா? ஆமாம், இந்தப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் உருவானவை. இன்னொரு இடத்தில் பழைய கல் வீடு ஒன்றைக் காட்டுவார். இந்த மலைகளில் ஷிஹு என்ற மக்கள் வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் வெளியூர் போகும்போது தானியத்தை இப்படிப்பட்ட வீட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உள்ளே பெரிய மண்ஜாடி இருக்கும். அது வாசலைவிடப் பெரியது! எப்படி உள்ளே போயிற்று? முதலில் ஜாடியை வைத்தார்கள். பிறகுதான் அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள். திருடன் தூக்கிக்கொண்டு போக முடியாது அல்லவா?

திடீரென்று வழிகாட்டி நின்றுவிடுகிறார். தூரத்தில் கருமேகம் தெரிகிறது.

"திரும்பிடலாம்."

"ஏன் அங்கிள்? இங்க மழையே இல்லையே! உச்சி இதோ தெரியுது!"

"அங்க பெஞ்சா போதும். தண்ணி இந்த வாதியிலதான் வரும். மலை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வாரம் வரலாம்."

'வாதி' என்பது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஆறு. மற்ற நாளில் வெறும் கல்லும் மணலும்தான். வெள்ளம் வந்தால் காரையே இழுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்குக் கோபம் வரலாம். சிலர் வழிகாட்டியோடு சண்டைகூடப் போடுவார்கள். அவர் கேட்கமாட்டார்.

டென்சிங் நார்கே என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1952-இல் அவரும் சுவிட்சர்லாந்து நாட்டு வழிகாட்டி ரேமண்ட் லாம்பேரும் எவரெஸ்டில் ஏறினார்கள். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர் அளவுதான் பாக்கி. ஆனால் ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யவில்லை. உடம்பில் தெம்பும் இல்லை. இருவரும் திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1953 மே 29 அன்று, டென்சிங் எட்மண்ட் ஹில்லாரியுடன் உச்சியில் நின்றார். அப்போது அவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. அது லாம்பேர் கொடுத்தது.

பேச்சும் எழுத்தும்
பத்தாது – போதாது
வேணும் – வேண்டும்
பெஞ்சா – பெய்தால்

பேசிப் பாருங்கள்
ஒருவர் வழிகாட்டி, ஒருவர் மாணவர். மாணவர் உச்சிக்குப் போகவே வேண்டும் என்கிறார். வழிகாட்டி என்ன சொல்வார்?