கைவிடப்பட்ட மருத்துவமனையில் கேமராவோடு ஒரு நாள்

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கிறது எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அந்தத் தீவின் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். நோய் கண்டவர்களை ஊருக்குள் விடாமல் தீவின் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். 1954ல் தீவை மூடியபின் அந்தக் கட்டடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1998ல் ஒரு நாள் வேலையாக அங்கே போன புகைப்படக்காரர் ஸ்டீபன் வில்க்ஸ், ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனார். அவர் எடுத்த படங்களும் வீடியோவும், கட்டடங்களைக் காப்பாற்ற 60 லட்சம் டாலர் கிடைக்க உதவின.

கைவிடப்பட்ட கட்டடங்களைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். பேய்ப் பங்களா போலக் காட்டும் படம் ஒரு நாள் பரபரப்போடு தீர்ந்துவிடும். அங்கே மனிதர்கள் இருந்ததைக் காட்டும் படமே நிற்கும்.

அனுமதி வாங்குங்கள்

கட்டடம் பாழடைந்தாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. அரசுத் துறையா, அறக்கட்டளையா, தனியாரா என்று விசாரித்து எழுத்து மூலம் கேளுங்கள். தேதி, எத்தனை பேர், என்ன கருவிகள், படம் எங்கே வெளியாகும் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். கட்டடக் கலை படித்த கிறிஸ்டோபர் பெய்ன் அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 70 மனநல மருத்துவமனைகளைப் படமெடுத்து 2009ல் புத்தகமாக்கினார். சுவரேறிக் குதிப்பவரால் அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியாது. அங்கே வேலை பார்த்த செவிலியர், எலெக்ட்ரீஷியன், வாட்ச்மேன் யாராவது கூட வந்தால் பெரிய உதவி. எந்தத் தளம் உளுத்திருக்கிறது, எந்த அறை எதற்கு இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

பழைய குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உரிந்து தொங்கும் பெயிண்டில் காரீயம் இருக்கலாம். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். ஊசி ஏறாத கனத்த அடிப்பாகமுள்ள பூட்ஸ், கையுறை, ஹெல்மெட், இரண்டு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வெளியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இயந்திரங்களைத் தொடாதீர்கள். 1987ல் பிரேசிலின் கொயானியா நகரில் கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையத்திலிருந்து ஓர் இயந்திரப் பாகத்தைப் பழைய இரும்புக்கு விற்க இருவர் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. இருட்டில் நீலமாக மின்னிய அந்தப் பொடி வீடு வீடாகப் பரவியது. நான்கு பேர் இறந்தார்கள். 249 பேரின் உடலில் கதிரியக்கம் ஏறியிருந்தது.

இருக்கும் வெளிச்சத்தில் எடுங்கள்

ஃபிளாஷ் அடித்தால் அறையின் ஆழம் தட்டையாகிவிடும். கேமராவை ட்ரைபாடில் மட்டமாக நிறுத்துங்கள். அப்போதுதான் சுவரும் தூணும் சாயாமல் நிற்கும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்8 அல்லது எஃப்11 வைத்து, ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைக்கலாம். ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, இருண்ட மூலைக்கு ஒன்று என்று மூன்று எக்ஸ்போஷர் எடுத்தால் வெளிச்சமும் நிழலும் கைவிட்டுப் போகாது. இரண்டு நொடி டைமர் வைத்தால் கை பட்டுப் படம் ஆடாது.

எதையும் நகர்த்தாதீர்கள்

உடைந்த சக்கர நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு எடுத்தால் படம் அழகாக வரலாம். ஆனால் அங்கே நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிடும். பெய்னின் படங்களில் எனக்கு மறக்காதது நோயாளிகளின் பல் துலக்கும் பிரஷ்கள். வரிசையாகத் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச் சீட்டு. அதற்கு மேல் ஜோடனை எதற்கு?

பெயர்களை மறையுங்கள்

நியூயார்க் மாநிலத்தின் வில்லர்டு மனநல மருத்துவமனையை 1995ல் மூடியபோது பரணில் நோயாளிகளின் 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. புகைப்படக்காரர் ஜான் கிறிஸ்பின் பின்னாளில் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். நோயாளிகளின் முழுப் பெயரை வெளியிட மாநில அரசு சம்மதிக்கவில்லை. அவர்களின் பிள்ளையும் பேரனும் இன்று உயிரோடு இருக்கலாம். நோட்டு, எக்ஸ்ரே, கேஸ் ஷீட் கண்ணில் பட்டால் பெயர் தெரியாத கோணத்தில் எடுங்கள். எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் உரிமையாளருக்குத் தெரிவியுங்கள்.

அன்றிரவே எழுதி வையுங்கள்

எந்தத் தளம், எந்த அறை, ஜன்னல் எந்தத் திசை, நாள், நேரம் என்று ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுங்கள். கட்டடத்தைச் சீரமைக்க வருபவருக்கும், ஊர் வரலாறு எழுதுபவருக்கும் குறிப்புள்ள படம்தான் பயன்படும். குறிப்பு எழுதும் புகைப்படக்காரரைத்தான் வேலையும் தேடி வரும்.

கடைசியாக ஒன்று. எல்லிஸ் தீவில் வில்க்ஸ் எடுத்த படம் ஒன்றில், காசநோய் வார்டின் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி. அதற்குள் சுதந்திர தேவி சிலை. இருமி இருமிக் கிடந்த யாரோ ஒருவர் அதைத் தினமும் பார்த்திருப்பார். தீவைத் தாண்டி ஊருக்குள் போகாமலே இறந்தவர்களும் உண்டு. வார்டுக்குள் நுழைந்ததும் ட்ரைபாடை விரிக்காதீர்கள். கட்டில் கிடந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். படுத்திருந்தவரின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, அவர் பார்த்த பக்கம் திருப்புங்கள். முதல் படம் அதுவாக இருக்கட்டும்.