லில்லி சிங் எழுதிய புத்தகமும் நம் கடை நேரமும்



நம் இதழில் வழக்கமாகச் சரக்கு நிலவரம், வரி, எடை முத்திரை பற்றித்தான் எழுதுவேன். இந்த மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவர் வியாபாரி அல்லர். வீடியோ எடுத்துப் பெயர் வாங்கிய ஒரு பெண். பேத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது கொண்டு வந்தாள். பள்ளியோடு நின்ற என் ஆங்கிலம் அதற்குப் போதவில்லை. இரவு கடை அடைத்து வந்தபின் அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள், நான் கேட்பேன். இருபது நாளில் முடிந்தது.

வீடியோ என்றால் வேலையில்லாப் பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு 2020 ஜூன் மாதத்தோடு போயிற்று. ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் அழைத்துச் செல்லப்பட்ட நம் ஊர் வணிகர்கள் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் காவலில் மாண்டதை நான் விவரிக்கத் தேவையில்லை. பாடகி சுசித்ரா அதை ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட பிறகுதான் சாத்தான்குளம் என்ற பெயரை உலகம் உச்சரித்தது. அன்றிலிருந்து பேத்தி கைப்பேசியைப் பார்க்கும்போது நான் ஏசுவதில்லை.

புத்தகத்துக்கு வருவோம். லில்லி சிங் 1988இல் கனடாவில் பிறந்தவர். பெற்றோர் பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறியவர்கள். பல்கலைக்கழகத்தில் மனவியல் படித்தபோது மனச்சோர்வில் விழுந்து, அதிலிருந்து மீள 2010இல் யூடியூபில் வீடியோ போடத் தொடங்கினார். முதல் வீடியோவைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய எழுபது பேர். மேற்படிப்புக்குப் போகாமல் இதையே தொழிலாகச் செய்து பார்க்க வீட்டில் ஓராண்டுத் தவணை கொடுத்தார்கள். பங்காளிகள் புதுக் கிளைக்குக் கொடுக்கிற தவணை மாதிரி. 2016இல் யூடியூபில் அதிகம் சம்பாதித்தவர்கள் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட பட்டியலில் அவர் மூன்றாவது. தொகை 75 லட்சம் டாலர். மறு ஆண்டு, 2017இல், இந்தப் புத்தகம் வந்தது. ‘ஹவ் டு பி எ பாஸ்’ என்று பெயர். முதலாளி என்று பொருள்படும் சொல்லின் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார். பாதி தன் கதை, பாதி அறிவுரை. ஐம்பது அத்தியாயம். முப்பது போதும் என்பது என் எண்ணம். நான் தேடிய வரவு செலவுக் கணக்கும் அதில் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பெண் நம் இனம். தொடக்க ஆண்டுகளில் எழுதுவது, நடிப்பது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. திங்கள், வியாழன் தவறாமல் புது வீடியோ. அது போதாதென்று அன்றாட நடப்பை வேறு தினமும் படம் எடுத்துப் போட்டார். காலை ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கவில்லையென்றால் பால் பாக்கெட் வாங்குகிறவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்று நாம் பயப்படுகிறோமே, அதே பயம். சரக்குக்கும் அவர் வெகுதூரம் போகவில்லை. அப்பா அம்மா வீட்டில் பேசுவதை அவரே வேஷம் கட்டி நடித்துக் காட்டினார். வீட்டிலேயே கொள்முதல்! உழை, சாக்குச் சொல்லாதே, படிப்படியாக ஏறு என்று புத்தகம் முழுக்கச் சொல்கிறார். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. “இதைத்தானே நான் உன் அப்பனுக்கு முப்பது வருஷமாச் சொல்லுதேன்” என்றேன் பேத்தியிடம்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு, “தாத்தா, இதுக்கு அப்புறம் நடந்தது இதுல இல்ல” என்றாள்.

புத்தகம் வந்த மறு ஆண்டு, 2018 நவம்பரில், அதே லில்லி சிங் வீடியோ போடுவதை நிறுத்தி ஓய்வு எடுக்கப் போவதாக அறிவித்தார். எட்டு ஆண்டு இடைவிடாமல் உழைத்து உடம்பும் மனமும் களைத்துவிட்டன என்று அவரே சொன்னார். பிறகு திரும்பி வந்தார்; 2019 முதல் 2021 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நிகழ்ச்சியும் நடத்தினார். அது வேறு கதை. வயது முப்பது ஆகுமுன் எழுதிய வாழ்க்கைக் கதை, வருடக் கணக்கு முடிக்காத பேரேடு மாதிரி. நடுப்பக்கம் வரை கூட்டிப் பார்த்தால் லாபமாகத்தான் தெரியும். பற்று பின்னால் வருகிறது.

என் பேரேட்டிலும் அப்படி ஒரு பற்று உண்டு. 2014 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இடது காலில் ஒரு கொப்புளம். சர்க்கரை இருப்பது தெரியும். நின்றுகொண்டே செய்கிற தொழில் நமக்கு. மூடை இறங்குகிறது, சிட்டை போட ஆள் இல்லை. தீபாவளி ஏவாரம் முடியட்டும் என்று மஞ்சளை அப்பிக்கொண்டு நின்றேன். பண்டிகை முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் நான் இல்லாவிட்டால் எவ்வளவு ஏவாரம் குறைந்திருக்கும் என்று பிறகு சிட்டைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மகனும் கணக்குப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேலையாளுக்கு வாரம் ஒரு முழுநாள் விடுமுறை கொடு என்கிறது. தானே சிட்டை எழுதி, தானே எடை போட்டு, தானே கல்லாவில் உட்காருகிறவருக்கு விடுமுறை கொடுப்பது யார்?

ஒருவரே எல்லாம் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் வில்லேஜ் குக்கிங் சேனல் நடத்துகிறவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். லில்லி சிங் களைத்து நின்ற அதே 2018இல்தான் அவர்கள் தொடங்கினார்கள். தாத்தா பெரியதம்பியும் பேரன்மாரும் சேர்ந்து செய்கிற கூட்டுத் தொழில் அது. ஒருவர் அம்மி அரைக்க, ஒருவர் அடுப்புப் பார்க்க, ஒருவர் படம் பிடிக்க, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி சேர்ந்து கடை வைத்த காலத்தில் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போனால் ஒருவர் கல்லாவில் இருப்பார். பாகம் பிரித்துத் தனித்தனிக் கடை ஆனபோது வரவைத்தான் பிரித்தோம்; ஓய்வு யார் பங்குக்கும் வரவில்லை.

கார்த்திகை மாதம் முதல் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு எங்கள் கடை ஷட்டரை இறக்கிவிடுகிறோம். மகன்தான் பலகை எழுதி மாட்டினான். முதல் வாரம் திசையன்விளையிலிருந்து ஒரு சில்லரைக் கடைக்காரர் துவரம்பருப்பு இரண்டு மூடைக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினார். அடுத்த வாரம் சனிக்கிழமையே வந்து எடுத்துக்கொண்டார். உடன்குடி கருப்பட்டிக்காரர் மட்டும் சரக்கை இன்னும் ஞாயிறு சாயங்காலம்தான் கொண்டு வருகிறார். அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.