ஊர்ப் பிள்ளைகளின் பந்தயமும் பாடமும்

பாடசாலைப் பிள்ளைகள் வெளியூர்ப் பந்தயத்தில் வென்று திரும்பும் நாளில் கிராமம் முழுவதும் மந்தைவெளியில் திரண்டுவிடும். கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்த மகாசபைக்குக் கோரம் சேராத ஊராயினும் அன்று ஜனத்துக்குக் குறைவிராது. மேளம் வரும், மாலை வரும், 'நம் ஊர்ப் பிள்ளை' என்ற பேச்சு எல்லார் வாயிலும் அடிபடும். பிள்ளையைத் தன்னுடையவன் என்று ஊர் உரிமை கொண்டாடுவது நல்லதே. ஆனால் அதே பிள்ளை காலாண்டுப் பரீக்ஷையில் கணக்கில் தவறினால், அப்பொழுது அவன் தகப்பனாருக்கு மட்டும் பிள்ளையாகிவிடுகிறான். லாபத்தில் பங்கு கேட்டவர்கள் நஷ்டத்தில் பங்கு ஏற்க முன்வருவதில்லை. இவ்வழக்கம் ஆராயத்தக்கது.

விளையாட்டைப் பற்றிக் கிராமங்களில் இருவிதமான அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு சாரார், விளையாட்டு சோறு போடாது என்று சொல்லிப் பிள்ளையை மைதானத்திலிருந்து காதைப் பிடித்து இழுத்துச் செல்வர். மற்றொரு சாரார், விளையாட்டிலேயே உத்தியோகம் கிடைக்குமென்று நம்பிப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிடுவர். தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கு 3 சதவீதம் ஒதுக்கப்பட்டிருப்பது மெய்யே. ஆயினும் அவ்வொதுக்கீடு படிப்புக்குப் பதிலாக ஏற்பட்டதன்று. உத்தியோகத்துக்குரிய கல்வித் தகுதி முதலில் இருக்கவேண்டும். அதன்மேல் உயர்ந்த பந்தயங்களில் பெற்ற சான்றிதழும் இருந்தாலே அது பயன்படும். பதக்கம் கையிலிருந்தும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அக்கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

எத்தனை பேர் மேலே செல்கிறார்கள் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். பாடசாலைப் பந்தயங்கள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறுகின்றன. பிள்ளைகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டவர் என மூன்று பிரிவாக வகுக்கப்படுகின்றனர். ஒரு குறுவட்டத்தில் 20 பாடசாலைகள் சடுகுடுவுக்கு வருவதாகவும், ஒவ்வொன்றும் 12 பேரை அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 பேர். வென்ற 12 பேர் மேற்செல்ல, 228 பேர் வீடு திரும்புவர். மாவட்டத்திலும் இதே கழித்தல் நடக்கும். 19 வயது கடந்ததும் பாடசாலைப் பந்தயத்தின் வாசல் எல்லாருக்குமே அடைபட்டுவிடும்.

பிள்ளைகளை மைதானத்துக்கு வரவிடாமல் தடுப்பதற்காக இக்கணக்கு சொல்லப்படவில்லை. திரும்பி வந்த 228 பேருக்கும் விளையாட்டினால் பிரயோஜனம் உண்டு. தேகம் உறுதிப்படுகிறது, பசி எடுக்கிறது, இராத்தூக்கம் நன்றாக வருகிறது, தோற்றபின் எதிரியோடு சிரித்துப் பேசப் பழகுகிறார்கள். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டுவன. ஆகவே பந்தயத்துக்குத் தெரிந்தெடுத்த 12 பேர் மட்டும் ஆட, மற்றையோர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும் முறை சரியானதன்று.

தேகப்பயிற்சி கல்வியின் ஒரு பகுதி என்பது இந்நாட்டில் புதிய கொள்கையும் அன்று. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி, அதற்கெனவே உபாத்தியாயர்களைத் தயாரிக்கலானார். நூறு வருஷங்களுக்கு மேல் சென்றும், பரீக்ஷை நெருங்கியவுடன் விளையாட்டு வேளையைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்குவதும், வாங்கியதைத் திருப்பாமலிருப்பதும் பாடசாலைகளில் பழகிப்போன வழக்கமாயிருக்கின்றன. பந்தயக் காலம் வந்ததும் விளையாட்டானது கணக்கு வேளையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இவ்விரண்டு கடன்களும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இரண்டாவது கடன்தான் பிள்ளைக்கு அதிக ஆபத்தானது. சாயங்காலம் நாலரை மணிக்குத் தொடங்கும் பயிற்சி ஆறரை மணி வரை நீளும். பிள்ளை வீடு சேர ஏழாகும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தலை சாயும். பந்தயத்துக்காக மூன்று நாள் வெளியே போய்விட்டால், அந்நாட்களில் நடந்த பாடத்தை அவனுக்கு மறுபடி நடத்துவார் இல்லை. சரித்திரப் பாடத்தில் ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் அடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கில் அவ்வாறு இயலாது. சமன்பாட்டின் முதல் இரண்டு பாடங்களை விட்டவனுக்கு அதற்குப் பின் கரும்பலகையில் எழுதப்படுவதெல்லாம் வெறும் கோடுகளே. முதல் சிறிதாயிருந்தும் வட்டி ஏறி நிலத்தை விழுங்குவது போல, மூன்று நாள் நிலுவை ஒரு வருஷப் படிப்பை விழுங்கிவிடுகிறது.

இந்நிலுவையைத் தீர்க்கும் வழி கூட்டுறவு முறையிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் ராய்பீசன் என்பவர் 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் நிறுவிய நாணயச் சங்கத்துக்கு ஆதாரமாயிருந்தது, வரையறையற்ற பொறுப்பு என்னும் கொள்கை. 1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் தோன்றிய கிராம நாணயச் சங்கங்களும் பொதுவாக அம்முறையையே அனுசரித்தன. ஓர் அங்கத்தினர் கடனைத் திருப்பாவிடில் மற்ற அங்கத்தினர் அனைவரும் அதற்கு உத்தரவாதம் என்பதே அதன் பொருள். விதை வாங்கக் கொடுத்த பணத்தைக் கலியாணத்தில் செலவிட்டவனை அண்டை வீட்டுக்காரன் அன்றைக்கே கேட்பான். கேட்காவிட்டால் தன் காணியும் போகும். இம்முறை எங்கும் வெற்றி பெற்றதென்று சொல்வதற்கில்லை. 1930-க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தபோது சென்னை மாகாணத்துச் சங்கங்களில் நிலுவை பெருகியது. விலை வீழ்ச்சியோடு மற்றொரு காரணமும் உண்டு. முகதாட்சிணியத்தினால் முதல் தவணையில் கேளாதவர், கடன் மலையான பின்பு கேட்டுப் பயன் பெறுவதில்லை.

சடுகுடுக் கட்சியின் 12 பிள்ளைகளும் அத்தகைய ஒரு சங்கம் என்று உபாத்தியாயர் முதலிலேயே அவர்களுக்குச் சொல்லிவிடவேண்டும். ஒருவனுடைய பாட நிலுவை பன்னிருவருடைய நிலுவை. முதல் தவணையிலேயே கேட்கவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு திங்கட்கிழமையும் பயிற்சிக்குமுன் நோட்டுப் புத்தகங்களைத் திண்ணையில் வரிசையாக விரித்து வைக்கட்டும். எவனுக்கு எத்தனை பாடம் பாக்கி என்பதை அவர்களே ஒரு சிறு பதிவேட்டில் குறிக்கட்டும். உபாத்தியாயர் கையெழுத்திட்டால் போதும். கணக்கில் தேர்ந்தவன் தேராதவனோடு உட்காருவான். வெளியூர் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பில் ஒரு துணையை நியமித்து, அந்நாட்களின் பாடத்தை அத்துணை இரண்டு பிரதியாக எழுதிவைக்கும்படி செய்யலாம். அவ்வாறு எழுதும் பிள்ளையின் பெயரும் கட்சிப் பட்டியலில் இருக்கவேண்டும். கோட்டுக்குள் இறங்காவிட்டாலும் அவன் கட்சியைச் சேர்ந்தவனே. இதனால் அவனுக்கும் நஷ்டமில்லை. ஒரு பாடத்தை இருமுறை எழுதியவனுக்கு அது மறப்பதில்லை.

பாடத்தில் பின்தங்கியவனைக் கட்சியிலிருந்து நீக்கிவிடுவதே பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. அது கூடாது. வீட்டில் வறுமை, காட்டில் வேலை, வகுப்பில் தலைகுனிவு ஆகிய இத்தனைக்கும் நடுவே ஒரு பிள்ளையைப் பாடசாலைக்கு இழுத்துவருவது சில சமயம் அந்தச் சடுகுடு ஒன்றே. அதையும் பறித்தால் மறுமாதம் அவன் செங்கற் சூளையிலோ, கட்டட வேலையிலோ இருப்பான். நீக்குவதற்குப் பதிலாக, நிலுவை தீரும் வரை கட்சி முழுவதற்கும் பயிற்சியில் அரைமணி நேரத்தைக் குறைத்து, அந்த அரைமணியில் எல்லாரும் பாடத்துக்கு உட்காரவேண்டும். தன் பொருட்டுப் பதினொருவர் ஆட்டத்தை விட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிள்ளை, பிரம்புக்கு அசையாதவனாயினும், இதற்கு அசைவான்.

இங்கே ஊர் என்பது யாரைக் குறிக்கிறது என்ற கேள்வியும் எழுகிறது. கபடி என்று இக்காலத்தில் வழங்கும் சடுகுடு, எதிரியின் காலைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, மண்ணில் புரட்டி ஆடும் ஆட்டம். தொட்டால் தீட்டு என்று எண்ணுகிறவன் அதில் ஒரு பிடியும் பிடிக்க இயலாது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் இதனை ஆடிக் காட்டினர். 1990-இல் பீஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் இது பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. இத்தனை கௌரவம் பெற்ற ஆட்டத்தை ஆடும் கிராமங்கள் சிலவற்றில் தெருவுக்கொரு கட்சியும், சாதிக்கொரு பனியன் நிறமும் இருப்பதைக் காணலாம். 1950-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைத் திருவிழாப் பந்தயம் நடத்துவோர் மறந்தாலும் பாடசாலை மறத்தலாகாது. பாடசாலைக் கட்சியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்தே நிற்கின்றனர். இராப் படிப்புக்கும் இது பொருந்தும். பெரிய வீட்டுத் திண்ணையில் படிப்பு நடந்தால் சில பிள்ளைகள் படியேறத் தயங்குவர்; சிலரை ஏறவிடவும் மாட்டார்கள். பாடசாலைத் தாழ்வாரத்தில் நடந்தால் அந்தத் தொல்லையில்லை. வெற்றி நாளில் தோளில் தூக்கிய பிள்ளையை மறுநாள் வாசலிலேயே நிறுத்திவைக்கும் ஊருக்கு, அவனை 'நம் பிள்ளை' என்று சொல்ல வாயில்லை.

பெண் குழந்தைகளின் விஷயம் இதைவிடக் கடினமானது. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டிலிருந்து பெண்களுக்கும் கபடி உண்டு. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கட்சியில், சென்னைக் கண்ணகி நகரிலிருந்து சென்ற ஒரு பெண்ணும் இருந்தாள். ஆயினும் கிராமங்களில் பெண் பருவமடைந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. சில வீடுகளில் ஆட்டத்தோடு படிப்பும் நின்றுவிடுகிறது. பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் இருட்டும் கடைசிப் பஸ்ஸும்தான். அது வெறும் சாக்கன்று. பெண்களின் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்வதும், வெளியூர் செல்லும்போது தாய்மாரில் ஒருவர் உடன் செல்வதும், இருட்டுமுன் வீடு சேர்ப்பதாக உபாத்தியாயர் பெற்றோரிடம் நேரில் சொல்லி அவ்வாறே நடப்பதும் இத்தடையைப் பெரிதும் குறைக்கும்.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியான உணவு 1956-இல் விரிவாகத் தொடங்கப்பட்டு, 1982-இல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்து, பத்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. பந்தயத்துக்கு ஆடும் பெரிய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆகாரமில்லை. வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் ஓடியவனுக்கு அதன்பின் படிப்பு ஏறாது. ஒரு கை வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் பெரிய செலவல்ல; முறை வைத்துக்கொண்டால் வீட்டுக்கு மாதம் ஒரு நாள்தான் வரும்.

இச்செலவுகளுக்குப் பணம் ஏது என்று கேட்கலாம். 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, நிகர லாபத்தில் காற்பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மீதியில் 10 சதவீதத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்திராருடைய அனுமதியின்மேல் தர்ம காரியத்துக்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அத்தகைய தர்மத்துள் அடங்கியிருந்தது. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் பொது நன்மை நிதி என்று ஒன்று உண்டு. லாபத்தில் நடக்கும் சங்கத்தின் அங்கத்தினர், சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவுக்கு இதைப் பயன்படுத்தும்படி மகாசபையில் கேட்கலாம். கேட்பதற்கு முதலில் மகாசபைக்கு வரவேண்டும். கிடைக்கும் தொகையில் பாடசாலைத் தாழ்வாரத்துக்கு விளக்கு முதலாவது. துணைப்பிள்ளைகள் பிரதியெழுத நோட்டுப் புத்தகங்களும், பெண்களோடு செல்லும் தாய்க்குப் பஸ் கட்டணமும் அடுத்தவை. சங்கத்தின் பெயர் அச்சிட்ட பனியன் வேண்டுமென்று யாராவது எழுந்து சொல்லுவார்கள். அதைப் பணம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.