பூந்தொட்டிச் சேம்பு குழம்புக்கு ஆகாது!

திருக்கோவிலூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. கோடையில் வாசல் பாத்தியைக் கொத்தும்போது சின்னச் சின்னக் கிழங்குகள் கிடைத்தன. மேலே இலை எதுவும் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, "அட, சேப்பங்கிழங்கு!" என்று புளிக்குழம்பு வைத்துவிட்டார். முதல் கவளத்திலேயே நாக்கில் ஊசி குத்தினாற்போல் எரிச்சல். பேரனுக்கு உதடு வீங்கி, எச்சில் வழிய ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"புளி விட்டுத்தான் செஞ்சேன் வைத்தியரய்யா, அப்புறமும் ஏன் இப்படி?" என்றார் பாட்டி.

நியாயமான கேள்விதான். அது சேப்பங்கிழங்கே அல்ல, கலேடியம். இலையில் சிவப்பும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்குமே, அந்த அழகுச் செடி. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கோடையில் இலை காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஏன் எரிகிறது?

சேம்பு, கருணை, கலேடியம் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக் கட்டாய் இருக்கிறது. கடித்ததும் அவை நாக்கிலும் தொண்டையிலும் தைக்கின்றன. நம் பெண்கள் 'காறல்' என்று சொல்வது இதைத்தான். சேம்பையும் கருணையையும் நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்தால் காறல் அடங்கும். கலேடியத்துக்கு அந்த நம்பிக்கை வேண்டாம்.

"மூலத்துக்குக் கருணைக்கிழங்கு லேகியம் கொடுக்கிறீங்களே, இதுவும் மருந்தாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கலேடியத்தை உணவாகவோ மருந்தாகவோ நாங்கள் படித்ததில்லை.

கடித்துவிட்டால்?

வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த நீரில் கொப்பளிக்க வையுங்கள். விழுங்க முடிந்தால் குளிர்ந்த பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான நீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, குரல் கம்மினாலோ கைவைத்தியம் வேண்டாம். 108-ஐ அழைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன். அந்தப் பையனையும் அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினான்.

பிடுங்கி எங்கே போடுவது?

வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ வீசாதீர்கள். ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு துண்டுக் கிழங்கே போதும், முளைத்துவிடும். பசிபிக் தீவுகள் சிலவற்றில் இது களையாகப் பரவியிருக்கிறது. அழகுக்கென்று 1800-களில் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று நம் மலைக்காடுகளில் மண்டிக் கிடப்பதை மறக்கலாமா? கிழங்கை மிச்சமில்லாமல் தோண்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு குப்பையில் சேருங்கள்.

செடி வேண்டும் என்பவர்கள் வளர்க்கலாம், தப்பில்லை. குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தொட்டியில் வையுங்கள். தொட்டியில் பெயரெழுதி ஒட்டுங்கள். பூப்பாத்தியில் கிடைத்த கிழங்கு எதுவானாலும் அடுப்படிக்குள் வரக்கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக ஊரிலிருந்து வரும் பாட்டிக்கும், இன்றைக்கே சொல்லிவையுங்கள்.